இரண்டு கேட்டுகளுக்கு நடுவே

பதினோரு பிள்ளைகள்.
செர்ரோ சாத்தோ தாண்டினால் மண்சாலை,
அப்புறம் யூகலிப்டஸ், அப்புறமும் யூகலிப்டஸ்.
கடைசியாக இறங்குகிறவன் லாசரோ.
அவனுக்கு முந்தைய நிறுத்தத்தில் இரட்டையர் போனதும்
வேனில் நான், அவன்,
என் மாத்தே குடுவையின் கடகடப்பு.

ஆகஸ்டில் அவன் தன் நாயைக் கொடுத்துவிட்டான்.
"அவங்க வீட்ல இடம் நிறைய" என்றான்.
வண்ணப் பென்சில்களை மிலேனாவுக்கு,
பந்தை இரட்டையருக்கு.
பன்னிரண்டு வயதில் இத்தனை தாராளம்
எனக்குப் பிடிக்கவில்லை.

அவன் வீட்டைப் பற்றி நான் அறிந்தது
கேட் வரைக்கும்தான்.
ஒருநாள் கதவில்லாத வாசல். இன்னொரு நாள் புதுக் கதவு.
ஒருநாள் அவன் அம்மா,
மேகமூட்டத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு.
உள்ளிருந்து சத்தம் இன்ஜினையும் மீறி வரும் நாள்களில்
இறங்கத் தாமதிப்பான்,
ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டதாக.
அவன் போடுவது லேஸ் இல்லாத ரப்பர் பூட்ஸ்.

மருத்துவ நிலையத்தில் ஓட்டுநர்களுக்கும் ஒரு வகுப்பு வைத்தார்கள்.
மான்டிவிடியோவிலிருந்து வந்த பெண்,
சளி பிடித்த மூக்கோடு சொன்னாள்:
கேளுங்கள். சுற்றி வளைக்காமல் அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள்.
கேட்பதால் யாருக்கும் அது புதிதாக முளைக்காது.
தலையாட்டினோம்.
பிஸ்கட் தீர்ந்துபோயிருந்தது.

சொல்லிப் பார்த்தேன்.
கண்ணாடியில். பிறகு ஜன்னலை இறக்கி, மாடுகளிடம்.
எங்கள் வீட்டில் அந்தச் சொல் கிடையாது.
என் அண்ணன் விஷயத்தில்
முப்பது வருடமாக "விபத்து" என்றுதான் சொல்கிறோம்.

செவ்வாய்க்கிழமை. மழை.
முதல் கேட்டைத் திறந்து மூடிவிட்டு ஏறினான்.
அடுத்தது வரை ஒன்பது நிமிடம்.
கியரைப் பார்த்தபடி,
குரல் இரண்டாக உடைய,
"லாசரோ, செத்துப்போயிடணும்னு தோணுதா உனக்கு?"

வைப்பர் போயிற்று, வந்தது.
ஒரு ஞாந்தூ பறவை கம்பிவேலியை ஒட்டி எங்களோடு ஓடி
சலித்து நின்றுகொண்டது.
சிரிப்பான் என்று நினைத்தேன். திட்டுவான் என்று.
எதையாவது சொல்லி நிரப்ப நாக்கு துடித்தது;
கடித்துக்கொண்டேன்.

"எல்லா நாளும் இல்ல" என்றான்.

அப்புறம் சொன்னான்.
கொட்டவில்லை. காலில் பழைய முள்ளை எடுப்பதுபோல்
கொஞ்சம், நிறுத்தி, கொஞ்சம்.
அதை இங்கே எழுத மாட்டேன்,
அது அவனுடையது.

"யார்கிட்டயும் சொல்லாதே."

அந்த ஒரு சத்தியத்தைத்தான் தர முடியவில்லை.
"சொல்வேன். உன்னையும் கூட்டிக்கிட்டுப் போய்தான் சொல்வேன்."
இரண்டாவது கேட் தெரிந்தது.
வண்டியைத் திருப்பினேன்.
சேற்றில் சக்கரம் வீணாகச் சுழன்றது.
ஏழு கிலோமீட்டருக்கு என்னை வெறுக்கப்போகிறவன்
இறங்கி, தோள் கொடுத்து
வண்டியைத் தள்ளினான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை.
அந்த வீடு அந்த வீடாகத்தான் இருக்கிறது.
அவன் அதில் இல்லை, இப்போதைக்கு.
ஊருக்குள் பெரியம்மா வீட்டில் படுக்கை.
வியாழன்தோறும் சளிமூக்குப் பெண்ணிடம் போகிறான்.
அவளுக்குச் சளி தீரவே இல்லையாம்.
நாயைத் திருப்பிக் கேட்டிருக்கிறான்;
அவர்கள் தர மறுக்கிறார்கள்.
கத்துகிறான், கல்லெறிகிறான், சண்டை போடுகிறான்.
போடட்டும்.

அண்ணனின் பெயரை
நேற்று உரக்கச் சொன்னேன், காலி வேனில்.
காலி என்றுதான் நினைத்திருந்தேன்.

பின்சீட்டுக்கடியிலிருந்து எழுந்தாள் மிலேனா.
அவள் இறங்கவேண்டிய இடம் தாண்டி நேரமாகிவிட்டது.
"லாசரோவைக் கேட்டீங்களாமே" என்றாள்,
அவன் கொடுத்த பச்சைப் பென்சிலைச் சீவியபடி, என்னைப் பார்க்காமல்.
"என்னை யாரும் கேட்கவே இல்ல."

ஓரமாக நிறுத்தினேன்.
இன்ஜினை அணைத்தேன்.